காஞ்சொறி மேல் உட்கார்ந்த மாவீரன்

உண்மையைச் சொன்னால் ஊர் முறைக்கும், பொய்யைச் சொன்னால் பாய் விரித்து உட்காரச் சொல்லும். சிப்பி பொறுக்கிப் பிழைத்த இனாசியாவுக்கு இந்த ஞானம் ஒரே காலைப்பொழுதில் கிடைத்தது. அதைக் கொடுத்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இடம், பிரேசில் நாட்டில் பயீயா விரிகுடாவில் ஒரு தீவு. போர்ச்சுகல்காரனை விரட்டியடித்து வருஷம் ஒன்றாகியிருந்தது. வெற்றி விழாவுக்கு ஒரு தேர் செய்திருந்தார்கள். சண்டை போட்டவர்கள் முன்னால் நின்று வடம் பிடிக்கலாம், வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் நின்று கை தட்டலாம் என்று ஏற்பாடு. யார் யார் சண்டை போட்டது என்று விசாரிக்க நகரசபைப் பெரியவர் தியோதோரு குடை பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். கூடவே அவருடைய மைத்துனர் குஸ்தோதியு.

இந்த மைத்துனர் போர்க்காலம் முழுவதையும் அத்தை வீட்டு மரவள்ளி மாவுப் பீப்பாய்க்குள் கழித்தவர். இன்றைக்கும் அவர் தும்மினால் மாவு பறக்கும் என்று தீவில் பேச்சு. வடத்தில் முதல் பிடி அவருக்குத்தான் என்று தியோதோருவின் மனைவியான அவருடைய அக்கா முடிவு செய்துவிட்டாள். அக்கா முடிவு செய்தால் தியோதோருவும் முடிவு செய்த மாதிரிதான். விசாரணை சும்மா ஒரு மரியாதைக்கு.

கரையில் இனாசியாவும் அவளுடைய கூட்டாளி பெந்தாவும் இன்னும் சில பெண்களும் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கறுப்புப் பெண்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட தாய்மாருக்குப் பிறந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சண்டையில் குண்டடிபட்டுச் செத்த லூசியானாவின் தலைத்துணியை வடத்தின் நுனியில் கட்டி, முன்னால் நின்று தாங்களே இழுக்க வேண்டும். அதனால் தியோதோரு கேட்டதும், பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"நாங்கதாங்க சண்டை போட்டோம். காவல் இருந்த சிப்பாய்ங்ககிட்டப் பலகாரம் விக்கிற மாதிரி போனோம். கிட்டப் போனதும் கூடைக்குள்ள இருந்த காஞ்சொறியை எடுத்து விளாசிட்டோம். மேலெல்லாம் தடிச்சுப் போய், எரிச்சல் தாங்காமக் கடல்ல விழுந்தாங்க. உப்புத் தண்ணி பட்டா எரிச்சல் ரெண்டு மடங்கு. அவங்க அங்க குதிச்சுக்கிட்டு இருந்தப்பவே படகுங்களுக்குத் தீ வெச்சுட்டோம். லூசியானா போனது அப்பத்தான்."

தியோதோரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, துப்பாக்கி வெச்சிருந்தவனைப் பொம்பளைங்க இலையால அடிச்சீங்களா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு மதி எங்க போச்சு?"

"இலைக்குப் பயந்து ஓடினானாம்!" என்று குஸ்தோதியுவும் சேர்ந்துகொண்டார். "அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு!"

இனாசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளின் பெயரைச் சொல்லி முடிக்கும்முன் சிரிக்கிறார்களே! கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு பெந்தாவைப் பார்த்தாள். பெந்தா எழுந்து படகுக்குப் பின்னால் போனாள். தழை அடைத்த ஒரு பழைய சாக்கைத் தூக்கிவந்து போட்டாள்.

"வெயில்ல நிக்கிறீங்களே ஐயா. மெத்துனு உக்காருங்க."

குஸ்தோதியு உடனே உட்கார்ந்துவிட்டார். உட்காருவதில் அவர் எப்போதுமே மன்னன். சாக்குக்குள் என்ன தழை என்று அவர் கேட்கவில்லை. நாமும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

"மன்னிச்சிருங்க ஐயா," என்றாள் இனாசியா. "வாய் தவறிச் சொல்லிட்டேன். சண்டை போட்டது ஒரு ஆம்பளை."

தியோதோருவின் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லு. எத்தனை பேர்?"

"ஒத்தை ஆளுங்க. எதிர்ல நாப்பது கப்பல். மொதக் கப்பல்ல இருந்து பீரங்கிக் குண்டு வந்தது. லாவகமாக் கையில பிடிச்சாரு. சூடா இருக்கேன்னு ஊதி ஆத்தினாரு. ஆத்திட்டுத் திருப்பி எறிஞ்சாரு பாருங்க, வரிசையா ஏழு கப்பல் ஓட்டை!"

"அக்கா, ஓவராப் போகாத," என்று பெந்தா முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரும்மா," என்று அவளை அடக்கியது தியோதோருதான். "ஆம்பளைக்கு வேகம் வந்தா நடக்கக்கூடியதுதான். நீ மேல சொல்லு."

இனாசியா மேலே சொன்னாள். "மிச்சக் கப்பல் தரை தட்டட்டும்னு குனிஞ்சாரு. விரிகுடாத் தண்ணி மொத்தத்தையும் ஒரே உறிஞ்சா உறிஞ்சிட்டாரு. ஒரு சுறாமீன் பல்லு இடுக்குல மாட்டிக்கிச்சு. ஈர்க்குச்சியால குத்தி எடுத்து அந்தாண்டை போட்டாரு."

தியோதோரு புருவத்தைச் சுருக்கினார். ஆகா, சந்தேகம் வந்துவிட்டது! "உப்புக் கரிச்சிருக்குமே?"

"கரிச்சுதுங்க. அதுக்குத்தான் மேல ரெண்டு பீப்பாய் கரும்புச் சாராயம் குடிச்சாரு."

"அப்ப சரி," என்றார் அவர், சந்தேகம் தீர்ந்து. "ஆள் எப்படி இருந்தான்?"

இனாசியா சாக்கின் மேல் இருந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். "குட்டையா, தொப்பையா, மீசையில லேசா மாவு ஒட்டிக்கிட்டு..."

"அது நான்தான் அத்தான்!" என்று கூவினார் குஸ்தோதியு. "வேலை மும்முரத்துல மறந்தே போச்சு பாருங்க!"

பெண்கள் முகத்தைத் தலைத்துணிக்குள் புதைத்துக்கொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியதைப் பார்த்து, உணர்ச்சிவசப்பட்டு அழுகிறார்கள் என்று தியோதோரு நினைத்துக்கொண்டார். அவருக்கே கண் கலங்கியது.

"நீங்கதானா ஐயா! தெரியாமப் போச்சே," என்று இனாசியா கும்பிட்டாள். "அப்புறம் நீங்க ஒரு திமிங்கிலத்துக்குக் கடிவாளம் போட்டு, தப்பிச்ச கப்பலை லிஸ்பன் வரைக்கும் விரட்டிக்கிட்டுப் போகலையா? அங்க அரமனை மாடியில பல்லு விளக்கிக்கிட்டு இருந்த ராஜா, உங்களைப் பார்த்த பயத்துல கிரீடத்தைக் கழட்டி நீட்டலையா?"

"நீட்டினான், நீட்டினான்," என்றார் குஸ்தோதியு, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தபடி. "தலைக்குச் சின்னதா இருந்துச்சு. நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டு வந்துட்டேன்."

"என் மைத்துனனுக்கு ஆசை கிடையாது," என்று பெருமைப்பட்டார் தியோதோரு.

குஸ்தோதியு வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாறினார். மறுபடி வலது. நெற்றியில் வேர்வை அரும்பியது. அசைய அசைய, சாக்கின் ஓட்டை வழியாகத் தழை வெளியே வந்து, விழாவுக்கென்று போட்டுவந்த மெல்லிய வெள்ளைக் காற்சட்டையோடு உறவாடியது.

"ஏங்க நெளியுறீங்க?" என்றாள் பெந்தா கவலையோடு.

"ஒண்ணுமில்ல. பழசை நினைச்சா உள்ள வீரம் கொதிக்குது."

"கொதிக்கும் ஐயா, கொதிக்கும்," என்றாள் இனாசியா. "எல்லாத்தையும் விட அதிசயம் ஒண்ணு இருக்கு. காஞ்சொறி எல்லாரையும் அரிக்கும், இவரை மட்டும் அரிக்காது. சண்டை முடிஞ்ச அலுப்புல ஒரு கட்டுக் காஞ்சொறியை மெத்தையாப் போட்டு, அது மேல உக்காந்து பொழுது சாயுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அந்த ஆளு நீங்கதானே?"

"நான்தான்," என்றார் குஸ்தோதியு, பல்லைக் கடித்துக்கொண்டு. "காஞ்சொறி எனக்கு ரோஜாப்பூ மாதிரி."

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று குடையால் மணலைத் தட்டினார் தியோதோரு. "வடத்தில் முதல் பிடி இவனுக்குத்தான். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"எங்களுக்கு என்னங்க ஆட்சேபணை? அவருதான் அந்த ஆளுன்னா நாங்க பின்னால நின்னு கை தட்டிட்டுப் போறோம். ஏ பெந்தா, அந்தச் சாக்கைக் கொஞ்சம் அவுத்துக் காட்டு."

பெந்தா சாக்கின் வாயைப் பிரித்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று காஞ்சொறி. விழாவில் கையில் ஏந்திப் போவதற்காகப் பெண்கள் அன்று காலையில்தான் அறுத்து வைத்திருந்தார்கள்.

குஸ்தோதியு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். ரோஜாப்பூ என்று சொன்ன வாய் சொன்னதுதானே! எழுந்தால் வீரம் போகும், உட்கார்ந்தால் தோல் போகும்.

"சிரிங்க ஐயா," என்றாள் இனாசியா. "பொழுது சாயுற வரைக்கும் வேண்டாம். நான் இந்தக் கூடைச் சிப்பியை உடைச்சு முடிக்கிற வரைக்கும் சிரிச்சீங்கன்னா போதும், வடம் உங்களுக்கு."

குஸ்தோதியு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தீவு அதற்கு முன்பு பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, காது சிவந்தது. இனாசியா முதல் சிப்பியை உடைத்தாள். இரண்டாவது சிப்பியைக் கையில் எடுத்தாள். அவ்வளவுதான். மாவீரர் "ஐயோ, அக்கா!" என்று அலறித் துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் பின்பக்கத்தைச் சொறிந்தபடி கடலைப் பார்த்து ஓடினார்.

தியோதோரு சாக்கை எட்டிப் பார்த்தார். "அடிப்பாவிங்களா! வெறும் இலைக்கா இந்தப் பாடு?"

"வெறும் இலைதாங்க," என்றாள் இனாசியா. அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த லூசியானாவின் தலைத்துணியை எடுத்து உதறினாள். "உங்களுக்கும் ஒரு தடவை உக்காந்து பார்க்கணுமா, இல்ல வடத்தை நாங்க பிடிக்கலாமா?"

பெந்தா சாக்கை அவர் பக்கமாக ஒரு முழம் நகர்த்தினாள். தியோதோரு குடையை மடக்கினார். "பிடிங்கம்மா. நீங்களே முன்னால நின்னு பிடிங்க. நான் எப்பவோ நம்பிட்டேன்."

அதற்குள் குஸ்தோதியு கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். முன்னே போட்டதைவிடப் பெரிதாக ஒரு கூச்சல் கடலிலிருந்து வந்தது. தியோதோரு பதறிப்போய் இனாசியாவைப் பார்த்தார்.

"இதைத்தான் ஐயா மொதல்லயே சொன்னேன்," என்றாள் அவள், தலைத்துணியை மடித்தபடி. "உப்புத் தண்ணி பட்டா ரெண்டு மடங்கு."