தேரை மறித்த ஊமைக்குருவி

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் மனிதர்களோடு சரிக்குச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தன. சங்குமுனை என்ற கடற்கரை ஊரில் அந்தப் பேச்சு கொஞ்சம் அதிகம். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நீட்டினால், சந்தியாகப்பர் கோயில் கூரையிலிருந்து காக்கை, "போதும் உபதேசியாரே, உலையில் சோறு குழையுது" என்று சொல்லும். கோயில் சுவரில் காயப்போட்ட வலையை நக்கப் போய்த் துரத்தப்பட்ட வெள்ளாடுகள் ஊர் முழுக்க முறையிடும். நாய்கள் இரண்டு வீட்டுச் சண்டையைப் பத்து வீட்டுச் சண்டையாக்கும்.

வாயே திறக்காதது ஒன்றே ஒன்று. நெட்டைக் கால்களும் மண்ணிறச் சிறகுமாகக் கடற்கரைப் பொட்டலில் திரிந்த ஒரு குருவி. அது பிறவி ஊமை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊமைக்குருவி என்றே அதற்குப் பெயர்.

அது ஊமை இல்லை. மரத்தில் கூடு கட்ட அதற்குத் தெரியாது. வெறுந்தரையில் நாலு கல்லைச் சேர்த்து, கல்லைப் போலவே இருக்கும் முட்டைகளை அதன் நடுவே இட்டுவிடும். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், கீரியும் காக்கையும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அதனால் தாய்க்குருவிகள் குஞ்சுகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே வாயை மூடிக்கொண்டிருக்கத்தான்.

சங்குமுனைக்காரர்களுக்குக் கோயில்தான் எல்லாம். கடலிலிருந்து பவளப்பாறைகளை வெட்டித் தோணியில் ஏற்றிவந்து, மணல்மேட்டின் மேல் அவர்களே கட்டிய கோயில் அது. அதன் பின்னால் மேட்டிலேயே வீடுகள். கடலுக்குப் போகிறவர்கள் அதன் வாசலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தோணி திரும்பத் தாமதமானால் பெண்கள் அதன் படியில்தான் வந்து உட்காருவார்கள். பூசை வைக்கும் சாமியார் வருசத்துக்கு ஒருமுறை ஆடித் திருநாளுக்குத்தான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும், இறந்தவர்களை அடக்கவும் உபதேசியார் வியாகுலம்தான்.

அந்த வருசம் கடல் அவர்களைக் கைவிட்டிருந்தது. வலை வெறுமையாகவே வந்தது. கருவாட்டுப் பானைகளின் அடி தெரிந்தது. அடுப்பு மூட்டாத வீடுகளில் பிள்ளைகள் நுங்கைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். ஊர்த் தலைவர் இஞ்ஞாசி கோயிலில் எல்லோர் முன்னும் நின்று ஒரு நேர்ச்சை வைத்தார். "ஆடித் திருநாளில் சந்தியாகப்பரைத் தேரில் வைத்துக் கடல் வரைக்கும் இழுத்துப் போவோம். தேர்ச்சக்கரம் அலையில் நனையட்டும். அவர் கடலைப் பார்த்துக்கொள்வார்."

அதுவரை சங்குமுனையில் தேர் கிடையாது. இஞ்ஞாசி தம் அப்பாவின் பழைய தோணியை உடைத்து அந்தப் பலகையில் தேர் செய்தார். இருபக்கமும் காலை வைத்தால் முழங்கால் வரை புதையும் பூமணல். அதனால் மேட்டிலிருந்து கரை வரைக்கும் களிமண் கொட்டி, கெட்டித்து, ஒற்றைத் தடம் போட்டார்கள். வேலை முடிந்ததும், திருநாள் வரைக்கும் ஒரு மாதம், நோன்பும் செபமுமாக ஊர் கோயிலுக்குள் இருந்தது. தேர் போகுமுன் தடத்தில் கால் படக் கூடாதென்று அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. தடத்தின் நடுவே, இறுகிய மண் தனக்கென்றே போட்டதென்று எண்ணி, ஊமைக்குருவி முட்டையிட்டது யாருக்கும் தெரியாது.

திருநாள் வந்தது. தோணிகளையெல்லாம் பனங்காட்டுப் பக்கம் ஏற்றிவைத்துவிட்டு, அந்த வழியாகவே போய்க் கரையில் ஓலைப் பந்தல் போட்டுவிட்டு, எல்லோரும் பூசைக்கு வந்தார்கள். பூசை முடிந்து சந்தியாகப்பர் சுரூபத்தைத் தேரில் ஏற்றியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆண்கள் வடம் பிடித்தார்கள். பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தை முதல் ஊன்றுகோல் பிடித்தவர்கள் வரை ஊரில் ஒருவர் பாக்கியில்லை. சாமியார் குடைக்குக் கீழே நடந்தார். தேர் பாதி வழி வந்திருக்கும்.

"நில்லுங்கள்" என்று ஒரு குரல் கேட்டது.

யாரென்று தெரியாமல் வடம் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தடத்தின் நடுவில் ஊமைக்குருவி இரண்டு சிறகையும் விரித்து நின்றது.

"நில்லுங்கள். என் முட்டை இருக்கிறது" என்று அது மறுபடி கத்தியது. பழக்கமில்லாத தொண்டை, குரல் உடைந்து உடைந்து வந்தது. கூரையிலிருந்த காக்கை தலையைத் திருப்பியது. தாழம்புதரில் கீரி எழுந்து உட்கார்ந்தது. குருவி இரண்டையும் பார்த்தது. பார்த்துவிட்டு இன்னும் உரக்கக் கத்தியது.

இஞ்ஞாசி கையை உயர்த்தினார். தேர் குலுங்கி நின்றது. ஒருவன் ஓடிவந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டான்.

"நீ பேசுவியா?" என்றார் இஞ்ஞாசி.

"பேசாமல் இருந்தால் சக்கரம் ஏறிவிடும்."

"முட்டையை எடுத்து ஓரமா வைக்கச் சொல்றேன். பூப்போல எடுப்பாங்க."

"பூமணலில் வைத்தால் புதைந்துவிடும். கொஞ்ச நேரம் பொறுங்கள். உள்ளேயிருந்து ஓட்டைத் தட்டுகிறார்கள். வெளியே வந்துவிட்டால் அவர்களே நடப்பார்கள்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இழுத்த தேரை நடுவழியில் நிறுத்துவது நல்லதில்லை என்றார் ஒருவர். நாம் பட்டினி கிடக்கும்போது குருவிக்குஞ்சுக்கு என்ன அவசரம் என்றார் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள் சக்கரத்தை நனைத்தாக வேண்டும் என்று எல்லோரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். அவருக்கும் அதே எண்ணம்தான். அவருடைய நேர்ச்சை அது. அவருடைய அப்பாவின் தோணி அது.

அவர் மனைவி மதலேனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து அந்த நாலு முட்டைகளையும் பார்த்தாள். பிறகு மண்ணில் கன்னத்தை வைத்துக் கேட்டாள்.

"இங்க வந்து கேளுங்க" என்றாள் கணவனிடம்.

"எல்லாரும் பார்க்கிறாங்க, மதலேன்."

"பார்க்கட்டும். கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்."

ஊர்த் தலைவர் திருநாள் வேட்டியோடு மண்ணில் முழங்காலிட்டுக் காதை வைத்தார். டொக், டொக் என்று மிக மெல்லிய சத்தம். ஓய்ந்தது. மறுபடி கேட்டது. அவர் எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"சாமி, என்ன செய்யலாம்?" என்று சாமியாரிடம் கேட்டார்.

"நேர்ச்சை உம்முடையது. நீர்தான் சொல்ல வேண்டும்."

இஞ்ஞாசி கடலைப் பார்த்தார். தேரைப் பார்த்தார். "சந்தியாகப்பருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் கடைசியில். "உட்காருங்க எல்லாரும்."

ஊர் முழுக்க அந்தத் தடத்தில் உட்கார்ந்தது. வியாகுலம் உபதேசியார் செபமாலையைத் தொடங்கினார். காக்கை தாழப் பறந்து வந்தபோது பெண்கள் முந்தானையை வீசி விரட்டினார்கள். கீரியை ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தட்டியே புதருக்குள் அனுப்பினார். முணுமுணுத்தவர்கள்கூட எட்டியெட்டிப் பார்த்தார்கள். முதல் ஓடு விரிந்து, ஈரமாக ஒரு குஞ்சு தள்ளாடி எழுந்தபோது செபம் தானாக நின்றுபோனது. அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. கடைசிக் குஞ்சுக்குத்தான் நேரமெடுத்தது. அது வெளியே விழுந்தபோது, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த அந்த ஊர் சிரித்தது.

தேரின் உச்சியில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த எஸ்தாக்கி மட்டும் சிரிக்கவில்லை. "தலைவரே, கடல் எங்க போகுது?" என்று கேட்டான்.

எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். கடல் பின்வாங்கி வெகுதூரம் போயிருந்தது. ஒருநாளும் கண்ணில் படாத பாறைகள் வெளியே தெரிந்தன. அதற்கும் அப்பால், அடிவானத்தில், வெள்ளையாக ஒரு கோடு.

"கோயிலுக்கு ஓடுங்க" என்றார் இஞ்ஞாசி.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் மேட்டை நோக்கி ஓடினார்கள். குருவி மட்டும் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. மதலேனாள் திரும்பி வந்து நான்கையும் முந்தானையில் அள்ளிக்கொண்டாள். குருவி அவள் தலைக்குமேல் கத்திக்கொண்டே பறந்தது.

கோயில் கதவை அடைத்தபோது அலையின் இரைச்சல் கேட்டது. நெடுநேரம் கழித்து இரைச்சல் அடங்கி, பின் தேய்ந்துபோனது. இஞ்ஞாசி கதவைத் திறந்தார்.

தண்ணீர் கோயில் மேட்டின் அடிவரைக்கும் வந்து திரும்பியிருந்தது. கரையில் போட்ட பந்தலின் ஒரு காலைக்கூடக் காணவில்லை. பந்தல் இருந்த இடமே இல்லை. இந்நேரம் அவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருப்பார்கள். தேர் மட்டும் விட்ட இடத்தில், முட்டுக்கட்டையில் சாய்ந்து நின்றது. சக்கரங்கள் அச்சுவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் ஆட்களைப் பேர்சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பேர்களுக்கெல்லாம் பதில் வந்தது. அதற்கப்புறம்தான் அழத் தொடங்கினார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தவர் விடவே இல்லை. மேட்டடியில் தேங்கிய தண்ணீரில் மீன்கள் துள்ளின. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கி அள்ளினார்கள். அன்று சங்குமுனையில் அடுப்பு மூட்டாத வீடு இல்லை.

இஞ்ஞாசி குருவியின் முன்னால் வந்து கைகூப்பினார். "எங்க உயிரைக் காப்பாத்தினே. கடல் வரப்போகுதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்றது குருவி. "என் முட்டைக்காகத்தான் கத்தினேன்."

இஞ்ஞாசி மதலேனாளின் முந்தானையிலிருந்த குஞ்சுகளைப் பார்த்தார். "நாங்களும் உன் முட்டைக்காகத்தான் நின்னோம்" என்றார். பிறகு கோயிலைச் சுற்றியிருந்த வெட்டவெளியைக் காட்டினார். "இனிமே இது உன் இடம். எங்க வேணும்னாலும் முட்டையிடு. நாங்க வரும்போது மறைக்காதே, கத்து. கத்தினா நின்னு, கீழே பார்த்துட்டுத்தான் காலெடுத்து வைப்போம்."

குருவி அந்தச் சொல்லை நம்பியது. அன்றைக்குக் கத்திய கத்தலில் அதன் கண்ணோரத்துச் சதை சிவந்து தொங்கிவிட்டது. தொண்டையும் நைந்து போனதால் வேறு பேச்சு அதற்கு வரவில்லை. பின்னொரு காலத்தில் காக்கையும் ஆடும் நாயும்கூட மனிதப் பேச்சை மறந்தன.

அந்தத் திருநாளுக்குப் பிறகுதான் அந்தக் குருவி, ஆள் தலை தெரிந்த உடனே, "நில்-நில்-நின்னு-போ" என்று கத்துகிறது. ஊமைக்குருவி என்ற பெயர் போய் ஆள்காட்டி என்ற பெயர் வந்ததும், சங்குமுனைத் தேர் கடலுக்குப் போகாமல் பாதி வழியில் நின்று, எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்தபின் கோயிலுக்குத் திரும்புவதும் அதிலிருந்துதான்.