இடப்பக்கம் மட்டும் முட்டிய காட்டெருமை

மலைக்காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. கோடை வந்துவிட்டால் அதை விட்டு வேறு தண்ணீர் கிடையாது. அதனால் விலங்குகள் ஒரு முறை வைத்திருந்தன. முதலில் குட்டிகள், அடுத்துத் தாய்கள், அப்புறம்தான் மற்றவர்கள். கரையில் நின்று அந்த முறையைக் கவனித்துக்கொண்டவள் பொம்மி என்ற காட்டெருமை.

பொம்மிக்கு எல்லோர் பேரும் தெரியும். "முயலே, மூன்றாவது குட்டி எங்கே? அதையும் கூட்டி வா!" என்பாள். நரி குறுக்கே நுழைந்தால், "நரியாரே, நீர் எந்தக் குட்டிக்குத் தாய்? பின்னால் போம்!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நரி மட்டும் சிரிக்காது.

கரையோரப் பலாமரத்தில் சுருளி என்ற மலையணில் இருந்தாள். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் காலை, பெரிய பலாப்பழம் ஒன்றைக் குடைந்து தின்றவள், ருசியில் காம்பையும் சேர்த்துக் கடித்துவிட்டாள். பழம் விழுந்தது. கீழே நின்ற பொம்மியின் தலையில், வலக் கொம்புக்குப் பக்கத்தில்!

பொம்மி மண்டி போட்டாள். பிறகு எழுந்து தலையை உதறினாள். தோல்கூடக் கிழியவில்லை. பேசாமல் மேயப் போய்விட்டாள்.

"அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை!" என்று சுருளி வாயைத் துடைத்துக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே பொம்மி வேறு ஆளாகிவிட்டாள். முயலின் பேர் மறந்துபோயிற்று. பட்டாம்பூச்சியைப் பார்த்து அழுதாள். காரணமே இல்லாமல் கத்தினாள். நான்காம் நாள், தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் குட்டியை முட்டிச் சேற்றில் தள்ளிவிட்டாள்!

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. தும்பன் என்ற கடமான் தலைமை.

நரிதான் முதலில் எழுந்தது. "இத்தனை நாள் நல்லவள் வேஷம்! உள்ளே இருந்த விஷம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் துரத்துங்கள்!"

அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. செந்நாய்க் கூட்டம் மட்டும் உண்டு. போனவர் திரும்பியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். தாய்மான் தன் குட்டியின் சேற்றை நக்கிக்கொண்டே, "துரத்துங்கள்" என்றது. பொம்மியோ எதுவும் புரியாமல் ஓரமாக நின்று விழித்தாள்.

"வேறு யாராவது பேச வேண்டுமா?" என்றது தும்பன்.

சுருளி கிளையில் முன்னும் பின்னும் ஓடினாள். பேசினால் தன் குட்டு உடையும். தன்னையே துரத்தினாலும் துரத்துவார்கள். பேசாவிட்டால்? பொம்மியின் கதை முடிந்தது.

"நான் பேச வேண்டும்!" என்று கீழே குதித்தாள். "அவள் தலையில் பலாப்பழம் விழுந்தது. போட்டவள் நான்தான். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்புதான்!"

கூட்டம் கொந்தளித்தது. நரி இளித்தது. "காயம் எங்கே?"

"ஓடு உடையாமலே உள்ளே பருப்பு நசுங்கும், நரியாரே. தினமும் கொட்டை உடைக்கிறவள் சொல்கிறேன். மண்டை ஓட்டுக்குள்ளே மூளை இருக்கிறது. அடி அதில் பட்டிருக்கிறது."

"தலையில் பழம் விழுந்தால் தலை வலிக்கும். குணம் ஏன் மாறும்? குணம் இருப்பது நெஞ்சில்!"

"யார் சொன்னது?"

"எல்லோரும் சொல்கிறார்கள்!"

"எல்லோரும் சொல்லிவிட்டால் விசாரிக்க வேண்டாமா? தும்பண்ணே, போன மழைக்காலத்தில் உங்கள் நெஞ்சில் முள்ளம்பன்றி முள் ஏறிப் பத்து நாள் இருந்ததே. உங்கள் பிள்ளைகளின் பேர் மறந்துபோனதா?"

"இல்லையே. வலித்தது, அவ்வளவுதான்."

"பட்டாம்பூச்சியைப் பார்த்து அழுதீர்களா?"

"நானா? சீச்சீ!"

"அப்படியானால் பேரும் அழுகையும் கோபமும் குடியிருக்கிற இடம் நெஞ்சு இல்லை!"

நரி விடவில்லை. "மரங்கொத்தி நாள் முழுக்கத் தலையால்தான் மரத்தை இடிக்கிறது. அதற்கு மட்டும் ஏன் புத்தி கெடவில்லை?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சுருளி நிமிர்ந்து மரத்தில் மரங்கொத்தியைத் தேடினாள்.

மேலேயிருந்து மரங்கொத்தியே குரல் கொடுத்தது. "என் தலை இடிப்பதற்கென்றே வளர்ந்த தலை. உம் தலையைக் கொண்டுவாரும், ஒரு காலைப் பொழுது இதே மரத்தில் இடித்துப் பார்த்துவிடலாம்!"

"எல்லாம் சாக்கு!" என்று நரி சீறியது. "குட்டியை முட்டியது முட்டியதுதானே?"

சுருளி யோசித்தாள். நான்கு நாளாகக் குற்ற உணர்ச்சியில் பொம்மியைவிட்டுக் கண்ணை எடுக்காதவள் அவள். பொம்மி மேய்ந்த இடத்தில் வலப்பக்கப் புல் மட்டும் குறைந்திருந்தது. இடப்பக்கம் அப்படியே நின்றது. கல் தடுக்கியதெல்லாம் இடக்காலில்தான். அட!

"மானக்கா, உன் குட்டி பொம்மிக்கு எந்தப் பக்கமாகப் போனது?"

"இடப்பக்கமாக. ஏன்?"

"குட்டியைக் கொஞ்சம் வலப்பக்கமாக அனுப்பேன்."

"என் குட்டி என்ன உனக்கு விளையாட்டுப் பொருளா? வேண்டுமானால் நீ போடி!"

நியாயமான பேச்சு. சுருளி தானே போனாள். வலப்பக்கமாகப் போய் நின்றாள். பொம்மி குனிந்து மோந்து பார்த்தாள். "பலாமரத்துப் பெண்ணா? ஏன் இளைத்துவிட்டாய்?" என்று முதுகை நக்கிக் கொடுத்தாள்.

சுருளி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். வாலை ஆட்டினாள். குதித்தாள். "பொம்மியக்கா!" என்று கத்தினாள். பொம்மி சத்தம் வந்த பக்கம் திரும்பாமல், வலப்பக்கமே தேடினாள். சுருளி கண்ணை மூடிக்கொண்டு அவள் இடக்காலைத் தொட்டாள்.

பொம்மி அலறிக்கொண்டு கொம்பை வீசினாள். சுருளி பறந்துபோய்க் குளத்தில் விழுந்தாள்!

சொட்டச் சொட்டக் கரையேறியவள் இருமிக்கொண்டே கேட்டாள்: "பார்த்தீர்களா? கெட்ட நெஞ்சு என்றால் அதற்கு இடப்பக்கம் வலப்பக்கம் உண்டா? பழம் விழுந்தது வலப்பக்கம்; மூளையின் வலப்பாதிதான் இடப்பக்கத்தைக் கவனிக்கிறது போலிருக்கிறது. இடப்பக்கம் ஒன்று இருப்பதே அவளுக்கு இப்போது தெரியவில்லை. தெரியாத இடத்திலிருந்து ஏதோ தொட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?"

எல்லோரும் பொம்மியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொம்மி மெல்லக் கேட்டாள்: "நான் குட்டியையா முட்டினேன்?" அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

தாய்மான் எழுந்தது. சுற்றிக்கொண்டு பொம்மியின் வலப்பக்கம் போய் நின்றது. "வேண்டுமென்று செய்யவில்லையே, விடு" என்றது. கூட்டமே பெருமூச்சு விட்டது.

"அப்படியானால் அணிலைத் துரத்துங்கள்!" என்றது நரி.

"உமக்கு யாரையாவது துரத்தியே ஆக வேண்டும், இல்லையா?" என்று தும்பன் அதட்டியது. "சுருளி, மறைத்தது உன் குற்றம். பொம்மிக்குச் சரியாகும்வரை அவள் இடக் கொம்பில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிரு. மற்றவர்கள் வலப்பக்கமாகவே வாருங்கள். அவள் கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள்."

சுருளி வலப்பக்கமாக ஏறிப் போய் உட்கார்ந்தாள். "இடப்பக்கம் முயல், அக்கா! இடப்பக்கம் பாறை, அக்கா!" என்று நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்தினாள். ஒரு வாரத்தில் பொம்மியின் அழுகை குறைந்தது. பேர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இடப்பக்கம் மட்டும் வரவே இல்லை. 'இனி வராதோ?' என்று பயந்து சுருளி இன்னும் உரக்கக் கத்தினாள்.

முதல் மழை பெய்து ஓய்ந்த காலை. சுருளி வழக்கம்போல, "இடப்பக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

"கீரி வருகிறது. பின்னங்காலில் முள் ஏறியிருக்கிறது, பாவம் நொண்டுகிறது" என்றாள் பொம்மி. "எனக்கே தெரிகிறதடி! நீ இறங்கு, கழுத்து வலிக்கிறது!"

சுருளி இறங்கவில்லை. கொம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர்த்துக் கேட்க அவளுக்கு அன்று ஒரு கேள்வியும் இல்லை.

ஒருவரின் குணம் திடீரென்று மாறினால், அவர் நெஞ்சைத் தூற்றுவதற்கு முன் அவர் மூளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதே அறிவு.