மந்தி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதரோடு சரிக்குச் சரி பேசின. படைத்தவர் ஒவ்வோர் உயிரையும் பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான் உண்டாக்கினார். மீனின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்துத் தவளைக்கு உறை வைத்தார், தவளையிடமிருந்து பல்லிக்கு. அப்படியே வந்து, கடைசியில் மந்தியின் துளியிலிருந்து மனிதர்.

நாளாக ஆக மனிதருக்கு இது வெட்கமாகிவிட்டது. மந்தியை உறவென்று சொல்லும் குடும்பத்துக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று மலையடிவாரத்து ஊரில் கட்டுப்பாடே போட்டுவிட்டார்கள். அந்த ஊரில் வேம்பாயி தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

"சாமி, எம்புள்ளைக்கு மட்டும் அந்த உறை வேண்டாம். புதுசாப் பண்ணிக் குடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். படைத்தவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. சரி, உன் விருப்பம் என்று விட்டுவிட்டார்.

பிள்ளை மூக்கும் முழியுமாகப் பிறந்தது. ஆனால் அழவில்லை, உடம்பில் சூடு ஏறவில்லை, மூச்சு இழையாக ஓடிக்கொண்டிருந்தது. வேம்பாயி கதறினாள்.

"உறை விழாத பால் எப்படியம்மா தயிராகும்? மந்தியிடம் போய்க் கேள்" என்றார் படைத்தவர்.

வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ, பச்சை உடம்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். ஆலமரத்திலிருந்து மந்தி இறங்கி வந்தது.

"அக்கா, உங்க முகத்துல முழிக்கவே கூசுது. ஆனா எம்புள்ள போயிரும் போலிருக்கு."

"கொண்டா இப்படி. உம்மேல உள்ள கோவத்தைப் பச்சப்புள்ளகிட்டயா காட்டுவேன்?"

மந்தி தன் விரலைக் கடித்து, ஒரு துளியைப் பிள்ளையின் நாக்கில் வைத்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. பெற்ற வயிறு குளிர்ந்தது.

அழுகை கேட்டு ஊரார் வந்துவிட்டார்கள். முன்னால் மாமியார்.

"புள்ளைக்கு உயிர் குடுத்தது யாருடி? இந்த மந்தி உனக்கு என்ன வேணும்?"

வேம்பாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "அது யாரோ. எம்புள்ளைய சாமிதான் காப்பாத்துச்சு."

சாமி காப்பாற்றியது பொய்யில்லை. யார் கையால் என்பதைத்தான் பாவி விழுங்கிவிட்டாள்.

மந்தி பேச வாயெடுத்தது. அப்போது பிள்ளையின் முகம் கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால் அந்தச் சிசுவுக்கு ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு மரமேறியது. அதைக் கண்ட மற்ற விலங்குகளும் வாய் திறக்கவில்லை. வேம்பாயி வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு போனாள்.

அன்று முதல்தான் மந்தி பேசுவதில்லை. அது நமக்கு உறவா இல்லையா என்று நாம் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். பதில் தெரிந்த அது, நம் பிள்ளைகளுக்காக வாய் திறக்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது.