பானைப் பெண் முகம் திருப்பிய கதை

பானைகளில் தீட்டிய ஆட்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தின் குயவர் தெருவில் நிக்கோன் என்றோர் ஓவியன் இருந்தான். அப்போதெல்லாம் பானையில் இருந்தவர்கள் நம்மை நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஒலிவ மரத்தை உலுக்குகிறவன் விளைச்சல் போதவில்லை என்று புலம்புவான். மீன் நறுக்குகிறவன் பூனையைத் திட்டுவான். தறியில் நிற்கும் பெண்கள் ஊர் வம்பு பேசுவார்கள். எண்ணெய் எடுக்கப் போனவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு.

நிக்கோனின் மனைவி மிர்த்தோ தினமும் ஊற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாள். அவன் களிமண் குழைப்பதும் கை கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். அதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு கோடையில், ஊற்றடியில் நிற்கும் பெண்ணொருத்தியைப் பெரிய குடம் ஒன்றில் தீட்டத் தொடங்கினான். மிர்த்தோவை மனதில் வைத்துத்தான் தீட்டினான். கண்ணை வரைந்து முடித்ததும் அந்தக் குடத்துப் பெண் பேசினாள், அவன் கைத்திறனை மெச்சினாள். மெச்சினால் மயங்காத ஓவியன் எங்கே இருக்கிறான்? அதன்பின் மிர்த்தோ எது சொன்னாலும் திரும்பாமலே "ம்" கொட்டினான். தூரிகையைப் பாதியில் எடுத்தால் கோடு பிசிறிவிடும், அந்தத் தொழில் அப்படி. ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவிலாவது அந்தப் பாவி திரும்பியிருக்கலாம்.

ஒருநாள் காலையில் மிர்த்தோ அவன் பின்னால் வந்து நின்றாள்.

"தலை சுத்துது. இன்னைக்கு ஊத்து வரைக்கும் துணைக்கு வாங்களேன்."

"இந்தக் கோடு முடியட்டும்" என்றான் நிக்கோன்.

கோடு முடிந்தது. அவன் அடுத்த கோட்டைத் தொடங்கினான். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆளும் இல்லை, குடமும் இல்லை.

உச்சி வெயிலில் ஊற்றடிப் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியில் விழுந்தவள் கண் திறக்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்த நிக்கோன், அவள் முகம் மிச்சமிருந்த அந்தக் குடத்தின் முன்னால் உட்கார்ந்தான். அன்று மிர்த்தோ தன் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று குடத்துப் பெண்ணிடம் கேட்டான்.

"ரொம்ப நேரம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உங்க தோளுக்கு மேலே எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"நீங்க என்னையே பார்த்துக்கிட்டு இருந்தது எனக்குப் பிடிச்சிருந்தது."

சொன்னவளுக்கே அவன் முகத்தில் விழிக்க வெட்கமாகிவிட்டது. ஊற்றுக்குப் போகும் வழியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிக்கோன் குடத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக் கெஞ்சினான். அவள் வாய் திறக்கவில்லை. பட்டறைப் பானைகளில் இருந்த ஒலிவக்காரனும் மீன்காரனும் தறிப் பெண்களும்கூட அன்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள்தானே. அவர்களும் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் நேராகப் பார்க்கும்படி தீட்டிய முகங்களும் மை காய்வதற்குள் திரும்பிவிட்டன. அதைக் கேள்விப்பட்டு மற்றப் பட்டறைப் பானைகளில் இருந்தவர்களும் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் அந்த நாட்டுப் பானைகளில் இருப்பவர்கள் நம்மிடம் பேசுவதும் இல்லை, நம் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. தண்ணீர் எடுக்கப் போனவள் இன்னும் திரும்பவில்லையே என்பதுபோல, எல்லோரும் பக்கவாட்டில் வழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.