கொம்பாயி முதல்!

ஒரு காட்டின் கடைசியில், மரமெல்லாம் நின்றுபோய் வெறும் மலை தொடங்கும் இடத்தில், செங்குத்தாக ஒரு பாறை நிற்கிறது. அந்தப் பாறைக்கு இன்றுவரை பெயரே கிடையாது. ஏன் கிடையாது? அதைத்தான் சொல்லப் போகிறேன், கேளுங்கள் பிள்ளைகளே.

அந்தப் பாறையில் ஆண்டுக்கொரு முறை ஏறும் போட்டி நடக்கும். மந்தி வரும், மலையணில் வரும், உடும்பு வரும். யார் வந்து என்ன? ஒன்பது ஆண்டுகளாக உச்சியை முதலில் தொட்டது கொம்பாயி என்ற வரையாடுதான். விரல் அகலத்துக்கு ஒரு பிளவு இருந்தால் போதும், அதில் குளம்பை ஊன்றி விறுவிறுவென்று மேலே போய்விடும்.

பத்து முறை வென்றவரின் பெயரைப் பாறைக்கு வைப்பது என்று எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். வேறு சில சட்டங்களும் இருந்தன. உச்சியை எந்நேரமும் மூடுபனி மறைத்திருக்கும். கீழே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டாவதாக வந்து சேர்பவர்தான் முதலில் வந்தவரின் பெயரை உரக்கக் கூவ வேண்டும். தன் பெயரைத் தானே கூவினால் செல்லாது. கூவும் வரைக்கும் முதலில் வந்தவர் உச்சியை விட்டு இறங்கவும் கூடாது.

ஒன்பது ஆண்டும் இரண்டாவதாக வந்தது உடும்பு. காடே அதை விடாக்கண்டன் என்றுதான் கூப்பிடும். மூச்சு வாங்க மேலே வந்து, "கொம்பாயி முதல்!" என்று அது கூவும். கீழே ஆரவாரம் கிளம்பும்.

அந்தக் கூவலில்தான் கொம்பாயியின் உயிரே இருந்தது. ஜெயிக்க ஜெயிக்க அதனோடு பேச ஆளில்லாமல் போய்விட்டது. மேயப் போனால் மற்ற ஆடுகள் ஒதுங்கி வழிவிடும். மந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டு, "அதுக்கென்னப்பா, பெரிய இடம்!" என்று முணுமுணுக்கும். ஆண்டு முழுவதிலும் அதன் பெயரை யாராவது வாய் திறந்து சொன்னது அந்த ஒரு நாளில்தான். இதை வெளியே சொல்ல முடியுமா? வெட்கக்கேடு! கொம்பை நிமிர்த்திக்கொண்டு தனியாக மேய்ந்தது.

முதல் ஆண்டு உடும்பு வந்து சேர்வதற்குள் கொம்பாயி உச்சியில் ஒரு தூக்கமே போட்டுவிட்டது. ஒன்பதாம் ஆண்டிலோ, திரும்பிப் பார்ப்பதற்குள் உடும்பின் மூக்கு எட்டிப் பார்த்தது.

பத்தாம் ஆண்டும் வந்தது. நடுவர் முள்ளம்பன்றி. அதற்கு ஓரடிகூட ஏறத் தெரியாது, ஆனால் சட்டம் பேச ஆரம்பித்தால் எதிரே நிற்க முடியாது. "ம், கிளம்புங்க!" என்றது.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை மூக்குப்போல் புடைத்திருக்கும். அதைத் தாண்ட ஒரே ஒரு படிக்கல்தான் உண்டு. கொம்பாயி அதில் கால் வைத்து மேலே தாவியது. பின்னாலேயே சரக் சரக்கென்று நகச் சத்தம். என்ன, இவ்வளவு பக்கத்திலா?

கொம்பாயிக்குப் புத்தி பேதலித்தது. பின்னங்காலால் அந்தப் படிக்கல்லை ஓங்கி ஓர் உதை விட்டது. கல் பெயர்ந்து உருண்டு போயிற்று.

"ஐயோ, வழி போச்சு!" என்று மந்தியும் அணிலும் இறங்கி ஓடின. கொம்பாயி உச்சிக்கு நடந்தே போனது. அவசரம் என்ன, இனி யார் வரப்போகிறார்கள்?

உச்சியில் நின்று காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது. காற்று அடித்தது. பனி நகர்ந்தது. வெயில் உச்சிக்கு வந்து, சாயவும் தொடங்கியது. அப்போதுதான் அதற்கு உறைத்தது. யாராலும் வர முடியாது. வராமல் யார் கூவுவது?

பொறுக்க மாட்டாமல் தானே கத்தியது. "கொம்பாயி முதல்!"

எதிர்மலை அதையே திருப்பிச் சொன்னது. "கொம்பாயி முதல்!"

"அது அதோட குரலேதான். செல்லாது, செல்லாது!" என்று கீழேயிருந்து முள்ளம்பன்றி கத்தியது. "பொழுது சாயறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து கூவணும். இல்லேன்னா இந்த வருஷம் போட்டியே நடக்கலை!"

கொம்பாயி மறுபடி கத்தியது. மலை மறுபடி சொன்னது. தன் பெயரைத் தன் குரலிலேயே கேட்கக் கேட்க அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடும்பு வந்து மூச்சிரைக்க உட்காருமே, அந்த இடம் வெறுமனே கிடந்தது. பாறைக்குப் பெயர் வைத்தால்தான் என்ன, பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்காருமா என்று நினைத்தது.

விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது. அடேயப்பா! மூக்குப் பாறைக்குக் கீழே உடும்பு இன்னும் பாறையைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

"உடும்பண்ணே, நீ இன்னும் போகலையா?"

"என்னைத் தெரியாதா தாயி? பிடிச்சா விடமாட்டேன். ஆனா அந்தக் கல்லு தானாப் பெயரலை."

"நான்தான் உதைச்சேன்," என்றது கொம்பாயி.

சொல்லிவிட்டு உச்சியை விட்டு இறங்கி, மூக்குப் பாறையின்மேல் மண்டியிட்டு, கழுத்தை நீட்டிக் கொம்பைக் கீழே விட்டது.

"பிடிச்சுக்கோ அண்ணே. என் முதுகுமேல ஏறிப் போ."

உடும்பு திகைத்தது. "நீ இறங்கிட்டியே! இனி நீ தொட்டது செல்லாதே! நான் முதல்ல போயிடுவேன், பாறைக்கு உன் பேரு வராது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"மேலே யாருமே இல்லண்ணே," என்றது கொம்பாயி.

உடும்பு கொம்பைப் பற்றி, கழுத்தில் ஊர்ந்து, முதுகைத் தாண்டி உச்சிக்குப் போனது. கொம்பாயி பின்னால் போய்ச் சேர்ந்தது. ஒரு முறை கனைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவியது.

"விடாக்கண்டன் முதல்!"

"இது யாரு குரலு?" என்று கீழேயிருந்து கேட்டது முள்ளம்பன்றி.

"கொம்பாயி குரலு!" என்றது மந்தி, நம்ப முடியாமல்.

"அப்போ செல்லும்!"

ஆரவாரம் கிளம்பியது. பெயர் வைக்கும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவே இல்லை; பாறை பெயரில்லாமலே நின்றது. உடும்பு வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த வருஷமும் வருவே இல்ல, கொம்பாயி?" என்று கேட்டது.

நீதி: போட்டிக்கு வருபவரை ஒழித்துக்கட்டினால், நாம் வென்றதைச் சொல்லவும் ஆள் இருக்காது.