சங்குப்பூவுக்கு நடந்த கல்யாணம்

வெகு காலத்துக்கு முன்னே, ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், தேனூர்ச் சீமையைக் கனகமுடி ராஜா ஆண்டு வந்தார். அவருடைய நந்தவனத்தில் ஒரு பக்கம் நீலச் சங்குப்பூக் கொடி, மறுபக்கம் வெள்ளைச் சங்குப்பூக் கொடி. அவரைக்கும் மொச்சைக்கும் உறவுக்காரிதான் இந்தச் சங்குப்பூ. ஆனால் அவளை யாரும் கறிக்குத் தேடுவதில்லை, கண்ணுக்குத்தான் விருந்து.

ஒருநாள் ராஜாவுக்கு விபரீத ஆசை பிறந்தது. "இந்த இரண்டுக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அதைப் பார்த்தாக வேண்டும்!"

ஆஸ்தான ஜோதிடர் கரிவரதர் முந்திக்கொண்டார். மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "இதென்ன பிரமாதம், மகாராஜா! இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றி, முகூர்த்தம் பார்த்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் போயிற்று."

தடபுடலாகக் கல்யாணம் நடந்தது. ஊரே பாயசம் குடித்தது. காய் முற்றி, விதைத்து, பூத்த பிறகு பார்த்தால் வெள்ளையின் விதையில் வெள்ளை, நீலத்தின் விதையில் நீலம். ராஜாவின் முகம் சுண்டிவிட்டது.

"தாலி கட்டும் நேரத்தில் மந்திரி தும்மினார், மகாராஜா. அந்த அபசகுனம்தான்!" என்றார் கரிவரதர்.

"அப்படியா? மந்திரியே, நீர் கெடுத்ததை நீரே சரிசெய்யும். பிள்ளையைக் காட்டும். இல்லையேல் குடும்பத்தோடு சீமையை விட்டுக் கிளம்பும்!"

பிறந்த மண்ணை ஒரு தும்மலுக்காகவா விடுவது? அம்பலவாணர் பந்தலடியில் போய் உட்கார்ந்தார். விரிந்த பூவைப் பிரித்துப் பார்த்தார். விரியாத மொட்டையும் பிரித்தார். அங்கேதான் சங்கதி இருந்தது. உடனே ராஜாவை அழைத்து வந்தார்.

"பாருங்கள், மகாராஜா. நாளைக்கு விரிய வேண்டிய மொட்டு இது. அதற்குள் மகரந்தப் பை வெடித்து, நடுத்தண்டின் நுனியில் ஒட்டிவிட்டது. இந்தப் பூ கதவைத் திறக்கும் முன்பே உள்ளே கல்யாணம் முடிந்துவிடுகிறது. கல்யாணம் ஆனவளுக்குத்தான் நம் ஜோதிடர் முகூர்த்தம் குறித்தார்!"

ராஜா சிரித்துவிட்டார். "அப்படியானால் இதற்கு என்ன வழி?"

"நாம் முந்திக்கொள்ள வேண்டும்."

இளசான ஒரு வெள்ளை மொட்டைக் கீறி, வெடிக்காத மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்தார் மந்திரி. மறுநாள் காலையில் நீலப்பூவின் மகரந்தத்தை அதில் தடவித் துணியால் கட்டினார். "நான் ஏமாற்றினேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. காவலும் தோட்டத்துச் சாவியும் விதைப்பும் ஜோதிடரிடமே இருக்கட்டும்."

கரிவரதர் கண்கொத்திப் பாம்பாகக் காத்தார். காய்த்ததை அவரே விதைத்தார். பூத்தவை எல்லாம் நீலம்!

"பிள்ளை எங்கே? இது பழைய நீலம்தானே!" என்று துள்ளினார்.

"பெற்றவள் வெள்ளை, ஜோதிடரே. அவள் தனியே நீலத்தைப் பெற்றதுண்டா? பிள்ளை அப்பனை உரித்து வைத்திருக்கிறது. தாயின் சாயல் உள்ளே ஒளிந்திருக்கும். இதன் விதையையும் நீங்களே விதையுங்கள், பேத்தியில் பாட்டி முகம் தெரியும்."

"தெரியாவிட்டால் வண்டி கட்டும்" என்றார் ராஜா.

சொல்லிவிட்டாரே தவிர, அம்பலவாணருக்கே அது நிச்சயமில்லை. மனிதர் வீட்டில் கண்டது கொடி வீட்டிலும் பலிக்குமா?

பூக்கும் பருவம் வந்தது. காலையில் தோட்டத்தைத் திறந்து உள்ளே போன கரிவரதர் வெளியே வரவே இல்லை. பொறுமை இழந்த ராஜா மந்திரியோடு உள்ளே நுழைந்தார். ஜோதிடர் குனிந்து எதையோ பறித்து மடியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பறிக்கிறீர்?"

"க... களை, மகாராஜா."

"மடியை அவிழும், பார்ப்போம்."

அவிழ்த்தார். வெள்ளைச் சங்குப்பூக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"நீர் விதைத்த விதை, நீர் காத்த தோட்டம். சாட்சியும் நீரே!" என்றார் ராஜா. "இன்று முதல் நந்தவனம் மந்திரிக்குச் சொந்தம். நீர் அதற்குத் தண்ணீர் இறையும்."

பிறகு ராஜா நீலப்பூக்களுக்கு நடுவே மண்டியிட்டு, பறிபடாமல் தப்பிய ஒரு வெள்ளையைத் தேடிப் பிடித்தார். "மந்திரியே, இந்தப் பேத்தியின் விதையைப் போட்டால் என்ன வரும்?"

"வெள்ளைதான் வரும் என்று நினைக்கிறேன், மகாராஜா. விதைத்துப் பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டேன்."

"அப்படியானால் நீர் எங்கே ஊரை விட்டுப் போவது? மண்வெட்டியை எடுங்காணும்!"