சத்தம் போடாத வாத்து

"சத்தமே போடாத வாத்து எந்தச் சாதிம்மா?"

பச்சையம்மாள் இதைக் கேட்டபோது மடத்தம்மா கீரைப் பாத்தியில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அதுதான் மடம். மடத்தம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பச்சையம்மாளோ அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவள். இருந்தாலும் புருஷன் போன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

சின்னவளிடம் போய் உபதேசம் கேட்கிறாளே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் அவள் பயந்தாள். ஆனால் வருவதை மட்டும் விடவில்லை.

"சத்தம் போடாததுன்னா மணிலா வாத்துதான். அதைத்தானே வளத்துனு இருந்தீங்கக்கா?"

"ஆமாம்மா."

"என்ன ஆச்சு?"

"பூடுச்சிம்மா. ஒண்ணொண்ணா பூடுச்சி. இப்ப கூண்டு காலி."

பின்கட்டும், அதை ஒட்டின சின்னத் தோட்டமும்தான் அவளுக்கு மிஞ்சியவை. முன்கட்டில் அவள் கொழுந்தன் தணிகாசலம் இருந்தான். தோட்டத்தில் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். 'உன் வாத்துச் சத்தம் என் காதுல விழுந்தா அன்னிக்கே மூட்டையக் கட்டு' என்று சொல்லி வைத்திருந்தான்.

முட்டை விற்றால்தான் அவள் அடுப்பு எரியும். சத்தம் கேட்டால் அடுப்பே இருக்காது.

"அதான்மா. சத்தமும் போடக்கூடாது, பூடவும் கூடாது. அப்படி ஒரு சாதி சொல்லுங்க."

மடத்தம்மா நத்தைச் சட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"சடையண்ணன் கழனியில வாத்து மேய்க்கிறாரு. இதைக் கொண்டுபோய்ப் போடுங்க. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

பச்சையம்மாள் போனாள்.

அறுவடை முடிந்த கழனி. சடையன் நீளக் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். அவனைச் சுற்றி வயல் நிறைய வாத்து.

"எந்தச் சாதிக்கா வேணும்?"

"நீயே சொல்லுப்பா."

"காக்கி வாத்து கத்தும், நல்லா முட்டையும் வைக்கும். ஆனா அடை உக்காராது, கோழிக்குக் கீழ வச்சித்தான் பொரிக்கணும். மணிலா தானே உக்காரும், வாயே தொறக்காது. ஆனா முட்டை கம்மி. இதோ மேயுதே, நாட்டு வாத்து. இதுங்கள எங்க உட்டாலும் பொழைச்சிக்கும். ஒரு நெழல் ஆடினா போதும், ஊரையே கூட்டிடும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அதன் நிழல் கழனியில் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே குரலாகக் கத்தியது.

பச்சையம்மாள் சட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பருந்தைப் பார்க்கவில்லை. ஊர் இருக்கும் திக்கைப் பார்த்தாள். இரண்டு கல் தொலைவில் இருக்கிற கொழுந்தனுக்கு இது கேட்டிருக்குமோ என்று பயந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"காக்கியும் கத்துது. நாட்டு வாத்தும் கத்துது. மணிலாவை வாங்கினா மறுபடியும் பூடும். எனக்கு பயமா இருக்கும்மா."

"எதுக்கு பயம்?"

"எதை எடுத்தாலும் தப்பாப் பூடுமோன்னு."

மடத்தம்மா கை கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க மணிலாவை எது புடிச்சிது? கீரியா?"

"இல்ல."

"காட்டுப் பூனையா?"

"இல்லம்மா."

"அப்புறம்?"

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஏரிதான் இருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாய்."

"தெரு நாயா?"

"கொழுந்தன் நாய்."

"யார் பாத்தது?"

"நான்தான்."

"ஒரு தடவையா?"

"ஒவ்வொரு தடவையும்." அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "விடிஞ்சதும் முன்கட்டுக் கதவைத் தொறந்து அதை உடுவான். அது நேரா கூண்டுக்கு வரும். படலை முட்டித் தள்ளும். அவன் வாசப்படியில நின்னு பல்லு வெளக்கினே பாத்துனு இருப்பான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"சன்னலாண்ட. கம்பியப் புடிச்சினு நிப்பேன்."

"கத்தினீங்களா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

தேள் கொட்டினால் திருடன்தான் கத்தாமல் இருப்பான். பச்சையம்மாள் யார் வீட்டிலும் ஒரு துரும்பைத் திருடியவள் இல்லை.

"சரி, வாத்தாவது கத்துச்சா?"

"மணிலாம்மா அது. எறக்கைய அடிச்சிக்கும். கழுத்தை நீட்டும். வாயைத் தொறக்கும். சத்தம் வராது."

அந்த வாய் தூக்கத்தில்கூட அவளை விடவில்லை. கண்ணை மூடினால் அதுதான் வந்தது.

மடத்தம்மா எழுந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாங்க."

கரையிலிருந்து நேராக ஏரிக்குள் இறங்கினார். பச்சையம்மாள் தண்ணீர் ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது.

மடத்தம்மா போய்க்கொண்டிருந்த பக்கம் பெரிய பள்ளம் உண்டு. கோடையில் லாரி லாரியாக மண் அள்ளிய இடம். அதில் ஓர் எருமை முழுகிப் போனதிலிருந்து ஊரில் யாரும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. இது மடத்தம்மாவுக்கும் தெரியும்.

'அம்மா, அங்க வேணாம்' என்று பச்சையம்மாள் சொன்னாள். அது அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பல்லைத் தாண்டவில்லை.

மார்பு நனைந்தது. மடத்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் தலை காணாமல் போனது.

தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு கை மேலே வந்து தண்ணீரை அடித்தது. முகம் வந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பச்சையம்மாளும் வாயைத் திறந்தாள். அவளுக்கும் வரவில்லை.

கரையை ஒட்டிய கழனியில் சடையன் நின்றிருந்தான். வரப்பில் யாரோ நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஓடி வருவார்கள்.

வந்தால் என்ன கேட்பார்கள்? நீ எதற்கு இங்கே வந்தாய் என்பார்கள். உன்னால்தானே அந்தம்மா இறங்கியது என்பார்கள். அந்தப் பேச்சு தணிகாசலம் காதுக்குப் போகும். ஒரு உயிர் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்போதும் அவளுக்கு இந்தக் கவலைதான் முதலில் வந்தது. அப்படி ஒரு பயம் அது.

கம்பி எதுவும் இல்லாத இடத்தில் அவள் கைகள் எதையோ பிடித்துக்கொண்டு நின்றன.

முகம் மறுபடியும் முழுகியது. கை மட்டும் தெரிந்தது. பிறகு விரல்கள் மட்டும்.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் அதில் பேச்சு இல்லை, பெயர் இல்லை, வெறும் சத்தம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏரி முழுக்கப் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. கழனியில் இருந்த வாத்துக் கூட்டம் அப்படியே அடங்கிப் போனது.

சடையன் கோலோடு ஓடி வந்தான். வரப்பில் இருந்தவர்கள் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தார்கள். சடையன் கழுத்தளவு இறங்கிக் கோலை நீட்டினான். மடத்தம்மா அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். பிடிக்காமலே ஏறியிருப்பாரோ என்னவோ, அது யாருக்குத் தெரியும்.

அவர் கரையில் உட்கார்ந்து இருமினார். தண்ணீரைத் துப்பினார்.

பச்சையம்மாள் நிறுத்தவில்லை.

இப்போது அதில் வார்த்தைகள் வந்தன. நாய் வந்தது. கூண்டு வந்தது. கதவைத் திறந்துவிட்டவன் பெயர் வந்தது. பல் விளக்கிக்கொண்டு அவன் வேடிக்கை பார்த்தது வந்தது. ஓடி வந்தவர்களில் தணிகாசலத்தின் பங்காளியும் ஒருவன். அவள் அவன் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். வாய் மூடவில்லை.

சடையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னம்மா ஆச்சு? இந்தக்கா எதுக்கு இப்படிக் கத்துது?"

மடத்தம்மா ஈரத் தலைமுடியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லண்ணா. அக்காவுக்கு வாத்து வேணுமாம். எந்தச் சாதியா இருந்தாலும் சரி, குடுங்க."